படிக்கப் போன பிள்ளைக்குச் சங்கம் எதற்கு?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு வீட்டில் சொல்லப்படும் முதல் புத்திமதி பெரும்பாலும் ஒன்றுதான். போனோமா, படித்தோமா, பட்டத்தோடு வந்தோமா என்று இருக்க வேண்டும். சங்கம், கூட்டம் என்று சுற்றக்கூடாது. தோட்டத்திலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் குடும்பத்தில் முதல் ஆளாகப் போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அழுத்தமாகவே சொல்லப்படுகிறது. பி.டி.பி.டி.என். கடன் எடுத்துப் படிக்க வைக்கும் பெற்றோர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், நம் பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்தப் புத்திமதியை அட்சரம் பிசகாமல் கேட்டு நடக்கும் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் விடுதியில் இடமின்றி நிற்க நேரிடலாம்.

யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று மெரிட் கணக்கிடப்படுவது பெற்றோர் பலருக்குத் தெரியும். அந்தப் பத்துக்காகப் பள்ளியில் சாரணர் இயக்கம், செம்பிறைச் சங்கம் என்று பிள்ளைகளைச் சேர்த்தும் விடுகிறோம். இடம் கிடைத்த பிறகு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் வேறொரு கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொதுவாக விடுதி கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு புதியவர்கள் வந்ததும் அறைகள் போதாது. யார் தங்கலாம், யார் வெளியேற வேண்டும் என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் நடவடிக்கைப் புள்ளிகளை வைத்து முடிவு செய்கின்றன. நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்தவருக்குக் குறைந்த புள்ளி, ஏற்பாட்டுக் குழுவில் இருந்தவருக்கு அதைவிடக் கூடுதல், நிகழ்ச்சி இயக்குநருக்கு அதற்கும் மேல். விடுதி அளவிலான நிகழ்ச்சியைவிடப் பல்கலைக்கழக அளவிலானதற்கும், அதைவிடத் தேசிய அளவிலானதற்கும் மதிப்பு அதிகம். விதிமுறை இடத்துக்கு இடம் மாறும். குடும்ப வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும் இடங்களும் உண்டு.

விடுதி போனால் வெளியில் வாடகை அறை, முன்பணம், மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று செலவு வரிசையாக வரும். சிந்தோக்கில் உள்ள யு.யு.எம். வளாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காட்டுக்கு நடுவே இருக்கிறது. விடுதி இல்லாதவர் சாங்லூன் பக்கம் அறை தேடி, தினமும் போய்வர வேண்டும். மாதக் கையிருப்பை எண்ணி அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

தனிமை என்னும் மற்றொரு செலவு

பணம் ஒரு பக்கம். ரசீதில் வராத இன்னொன்று தனிமை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு இடைநிலைப்பள்ளி, மாலையில் தோட்டத்து அல்லது தாமான் நண்பர்கள் என்று வளர்ந்த பிள்ளை, ஒரே நாளில் தமிழ் பேச ஆளில்லாத விரிவுரை மண்டபத்தில் போய் உட்காருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் படிப்பவர்கள் வார இறுதியில் வீட்டுக்கு ஓடிவிடலாம். சபாவிலோ சரவாக்கிலோ இடம் கிடைத்தவருக்கு அந்த வழியும் இல்லை. நாட்டின் மற்றெல்லா மாநிலங்களிலும் பொது விடுமுறையான தீபாவளி, சரவாக்கில் பொது விடுமுறை அல்ல. கோத்தா சமராஹானில் உள்ள யுனிமாஸில் படிக்கும் பிள்ளைக்குத் தீபாவளியன்று வகுப்பே இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் இந்திய மாணவர் சங்கங்கள், தமிழ்க் கழகங்களின் வேலை தொடங்குகிறது. ஆனால் உறுப்பினராகப் பெயர் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் இருப்பதால் மட்டும் தனிமை போய்விடாது. கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். நான் தமிழியல் படித்த காலத்தில் முதன்முதலாக ஏற்ற பொறுப்பு, நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு உணவுப் பொட்டலம் எண்ணிக் கொடுப்பது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பதவி அல்ல. ஆனால் அன்று மதியத்துக்குள் மூத்த மாணவர்கள் பாதிப்பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யார் சைவம், யாருக்கு மறுநாள் தேர்வு, யாரிடம் பழைய குறிப்புகள் கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பொட்டலங்களோடு சேர்ந்து தெரியவந்தது.

கெர்த்தாஸ் கெர்ஜா என்னும் பாடம்

வகுப்பில் கிடைக்காத பயிற்சி எது என்று என்னைக் கேட்டால், கெர்த்தாஸ் கெர்ஜா என்பேன். வளாகத்தில் பொங்கல் விழா நடத்த வேண்டுமானாலும், எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்த வேண்டுமானாலும், மாணவர் விவகாரப் பிரிவுக்கு முறையான முன்மொழிவு எழுதிக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சியின் நோக்கம், நிகழ்ச்சி நிரல், செயற்குழுப் பட்டியல், வரவு செலவுத் திட்டம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிகாரப்பூர்வ மலாய் மொழியில் எழுத வேண்டும். ஒரு கணக்கு இடித்தால் திரும்பி வரும். திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். மண்டபத்துக்குத் தனிக் கடிதம், பேருந்துக்குத் தனிக் கடிதம். நிகழ்ச்சி முடிந்ததும் ரசீதுகளோடு அறிக்கை.

அலுப்பான வேலைதான். ஆனால் மலாயில் அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தயங்கும் பிள்ளை, இரண்டு நிகழ்ச்சிகளுக்குச் செயலாளராக இருந்த பிறகு தயங்குவதில்லை. நன்கொடை கேட்டுக் கடைக்காரரிடமும் நிறுவனத்திடமும் போய் நின்று பேசிய பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு அறை அவ்வளவு பயம் தருவதில்லை. பொருளாளராக இருந்து 50 வெள்ளி குறைந்ததற்குக் கணக்குச் சொன்னவருக்குப் பணத்தின் பொறுப்பு புரிந்துவிடும்.

தமிழ் எழுத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கும் வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திவரும் சிறுகதைப் போட்டியும், அதிலிருந்து வரும் ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பும் மலேசியத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. நாட்டின் எழுத்தாளர்கள் பலர் பங்கேற்ற அந்தப் போட்டிக்குப் பின்னால் இருந்து உழைப்பவர்கள் மாணவர்களே.

பெற்றோரின் பயம்

சங்கம் என்றாலே வம்பு என்று பெரியவர்கள் நினைப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1974-இல் பாலிங் விவசாயிகளுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் நடத்திய போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 1971-இல் வந்த பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் அதற்கடுத்த ஆண்டு மேலும் இறுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் எச்சரிக்கை வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. ஆனால் மாணவர்கள் அரசியல் கட்சியில் உறுப்பினராக 2012-இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. வளாகத்துக்குள் கட்சி அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடை 2018 இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் நீங்கியது. பொங்கல் விழா ஏற்பாட்டுக் குழுவில் இருந்ததற்காகப் பிள்ளையின் எதிர்காலம் கெடாது.

கெடக்கூடியது வேறு. ஒரே பருவத்தில் நான்கைந்து குழுக்களில் பெயர் கொடுத்து, கூட்டம் நள்ளிரவு வரை இழுத்து, காலை எட்டு மணி வகுப்பைத் தவறவிடும் மாணவர்கள் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள். புள்ளி குறைந்து உபகாரச் சம்பளத்தை இழந்தால் விடுதி மெரிட்டால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய பொறுப்பு, வேண்டுமானால் ஒரு சின்னப் பொறுப்பு போதும் என்பது என் எண்ணம். ‘உன்னை விட்டால் ஆளில்லை’ என்று மூத்தவர்கள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாண்டும் நம் சங்கத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, பக்கத்து அறை மலாய், சீன, கடசான் மாணவர்களின் பெயர்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கி வருபவர்களும் உண்டு. விடுதிச் செயற்குழு, விளையாட்டு, விவாத மேடை, பாலாபெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி ஆகியவற்றில் நம் பிள்ளைகள் இன்னும் கூடுதலாகத் தெரிய வேண்டும். பாலாபெஸில் பயிற்சிக்கு அலவன்ஸும் தருகிறார்கள்.

இவ்வாண்டு பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அறிமுக வாரம் முடிந்து முதல் தொலைபேசி அழைப்பு வரும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, எந்தச் சங்கத்தின் கூடாரத்துக்குப் போனாய் என்றும் கேட்கலாம். அடுத்த ஆண்டு விடுதிக்கு எத்தனை புள்ளி தேவை, அதை எந்தத் தேதிக்குள் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும் என்பதை விடுதி அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சியில் உழைத்தும், சான்றிதழைப் பதிவேற்றாமல் விட்டு அறையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.