பாறைக்கும் துருப்பிடிக்கும் பாஸ்!

லேப்ல மறந்து வச்ச இரும்பு ஆணி துருப்பிடிச்சா நமக்குக் கடுப்பாகும். அதே துரு ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பிடிச்சா? டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போறாங்க!

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் வருகிறது 'வேலி ஆஃப் ஃபயர்', அதாவது நெருப்புப் பள்ளத்தாக்கு. நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இதுதான். சாம்பல் நிற மலைகளுக்கு நடுவே, தணலைக் கொட்டி வச்ச மாதிரி சிவப்புப் பாறைகள்.

இந்தக் கலர் எப்படி வந்துச்சு? 15 கோடி வருஷத்துக்கும் முன்னால், டைனோசர் காலத்தில், இந்த இடம் மணல்மேடுகள் நிறைந்த பாலைவனம். காற்று குவித்த மணல் புதைந்து, இறுகி, மணற்கல்லானது. மணலில் இருந்த கொஞ்சூண்டு இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட் ஆனது. அதுதான் சிவப்பு.

அப்போ மஞ்சள், வெள்ளை, ஊதா? பாறைக்குள் ஊறிய நிலத்தடித் திரவங்கள் சில இடங்களில் இரும்பைக் கரைத்து எடுத்துப் போய்விட்டன. அங்கே பாறை வெளுத்தது. கரைந்த இரும்பு வேறு இடத்தில் வேறு தாதுவாகப் படிந்ததால் மஞ்சளும் ஊதாவும். நம்ம கெமிஸ்ட்ரி புக்கில் படிச்ச ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம்தான்! 'ஃபயர் வேவ்' என்ற பாறையில் இந்த நிறங்கள் சிவப்பும் வெள்ளையுமாக அலையலையாக ஓடுகின்றன.

'அட்லாட்ல் ராக்' பாறையில் பழங்குடி மக்கள் கொத்திய உருவங்களையும் பார்க்கலாம். தொடக்கூடாது; கை எண்ணெய் பட்டாலே அவை கெடும். கல்லையும் எடுத்து வரக்கூடாது.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். கோடையில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பாதையில் நிழல் கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. 2023 ஜூலையில் இங்கே நடக்கப் போன இரண்டு பெண்கள் உயிரோடு திரும்பவில்லை. இப்போது கோடையில் பல நடைபாதைகளை மூடியே வைக்கிறார்கள். போகிறவர்கள் அக்டோபருக்கு மேல், காலையிலேயே, தண்ணீரோடு போங்க. பாதி தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிடுங்க.

இத்தனை கோடி வருஷம் நின்ன பாறை, அடுத்த தடவை வரும்போதும் அங்கேயேதான் இருக்கும். போட்டோவுக்காக நாம அவசரப்பட வேண்டாம்!