உங்களுக்குத் தெரியுமா? – கிரிவலத்தில் கைக்கடிகார நாடி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கி.மீ. தூரத்தையும் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் பலர். அது காட்டும் இதயத்துடிப்பை எப்போது நம்பலாம்?

● வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் நாடி பார்க்கிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடும்போது, திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது.

● உட்கார்ந்திருக்கும்போது கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வில் இருப்பதைவிட உடல் அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம். தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

● கை வீசி நடக்கும்போது, சென்சார் காலடித் தாளத்தையே இதயத் தாளமாக எடுத்துக்கொள்வதுண்டு. நிமிடத்துக்கு 110 அடி வைத்தால், துடிப்பும் 110 என்று காட்டக்கூடும்!

● காப்புக் கயிறு வாட்சுக்கு அடியில் சிக்கினால் சென்சார் தோலில் படியாது. வெளிச்சம் உள்ளே புகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாதபடி கட்டுங்கள்.

● கார்த்திகை தீபக் குளிரில் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். அப்போது சென்சாருக்குக் கிடைக்கும் சமிக்ஞை மெலிந்துவிடும். மணிக்கட்டில் குத்திய பச்சையும் ஒளியை மறைக்கலாம்.

● உயிரற்ற பொருளுக்கும் ‘நாடி’ காட்டியிருக்கிறது! கழிப்பறைத் தாள் சுருளில் கட்டிய கைப்பட்டைகள் இதயத்துடிப்பு காட்டியது 2018-ல் சீனாவில் பெரிய பேச்சானது.

● ‘கிரிவலத்தில் இத்தனை கலோரி எரித்தேன்’ என்ற கணக்கை நம்பி இட்லியைக் கூட்ட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு 2017-ல் சோதித்த 7 கருவிகளில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

● மார்புப் பட்டை இதயத்தின் மின்சமிக்ஞையையே நேரடியாக அளக்கிறது. அதனால் ஓட்ட வீரர்கள் பலர் அதைத்தான் நம்புகிறார்கள்.

● வாட்ச் திடீரென்று 170 காட்டினால் பதற வேண்டாம். அருகிலுள்ள லிங்க சன்னதியில் நில்லுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு.

● மாரடைப்பைக் கைக்கடிகாரம் கண்டுபிடிக்காது. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் நடையை நிறுத்தி உடனே 108-ஐ அழையுங்கள். வலத்தை அடுத்த பௌர்ணமியில் முடித்துக்கொள்ளலாம்.