கல்லுக்குள் ஏன் நெருப்பு?

அமெரிக்காவின் அரிசோனாவில், சாஃபோர்டு ஊரையொட்டிய பாலை நிலத்தில் ஃபயர் அகேட் என்ற கல்லைப் பொறுக்கலாம். வெளியே குமிழ் குமிழான பழுப்புக் கட்டி, அவ்வளவுதான். உள்ளே சிவப்பும் பச்சையும் எப்படி எரிகின்றன?

எரிமலைப் பாறை விரிசல்களில் ஊறிய சுடுநீர் சிலிக்காவைப் படியவிட்டது. இடையிடையே இரும்பு ஆக்சைடு படலங்கள். ஒளியின் அலைநீள அளவுக்கு மெலிந்தவை. படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் கதிர்கள் கலக்கும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அழியும். மழைச் சாலையில் சிந்திய பெட்ரோல் நிறம் காட்டுவதும் இதே கணக்குத்தான்.

பட்டை தீட்டுபவர் பாடுதான் திண்டாட்டம். குமிழின் வளைவிலேயே தேய்த்துப் போய், நிறப் படலத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் நிறமெல்லாம் தூளாகித் தண்ணீரோடு போய்விடும். நல்ல ஃபயர் அகேட் பெரும்பாலும் மேடுபள்ளமாகவே இருப்பது அதனால்தான்.