மே சதுக்கத்து அன்னையர்

ஆர்ஜென்டினாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸில், அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் கூடினார்கள். முந்தைய ஆண்டு மார்ச் 24-ல் ஆட்சியைப் பறித்த ராணுவம் அவர்களுடைய பிள்ளைகளையும் உறவினரையும் பிடித்துப் போயிருந்தது. உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடச் சொல்ல ஆளில்லை.

பொது இடத்தில் கும்பலாக நிற்கத் தடை இருந்த காலம் அது. நிற்கக் கூடாது என்று போலீஸார் விரட்ட, பெண்கள் இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்து நினைவுத் தூணைச் சுற்றி நடந்தார்கள். அடக்க வந்த உத்தரவே போராட்டத்துக்கு உருவம் கொடுத்தது. வியாழன்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு நடப்பது வழக்கமானது. அந்த அக்டோபரில் லுஹான் மாதா கோயில் பாதயாத்திரைக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள, குழந்தைக்கு அரையில் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

குடும்பத்தையும் கிறிஸ்தவ மரபையும் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட ராணுவத்தால், பிள்ளையைத் தேடும் தாயைத் தேசத்துரோகி என்று எளிதில் சொல்ல முடியவில்லை. பைத்தியக்காரிகள் என்று ஏசியது. பிறகு ஆல்ஃபிரெடோ அஸ்தீஸ் என்ற கடற்படை அதிகாரி, காணாமல்போன சகோதரனைத் தேடுபவராக நடித்து அவர்களுக்குள் புகுந்தார். 1977 டிசம்பரில் 12 பேர் கடத்தப்பட்டார்கள். இயக்கத்தைத் தொடங்கிய அசுசேனா வில்லாஃப்ளோரும் அவர்களில் ஒருவர். விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்ட அவரது உடல் கரை ஒதுங்கி, பெயரில்லாமல் புதைக்கப்பட்டது. அந்த எலும்புகள் அவருடையவை என்று தெரிந்தது 2005-ல்தான்.

தலைவியை இழந்த பிறகும் மற்ற தாய்மார்கள் சதுக்கத்துக்கு வந்தார்கள். அந்தத் துணிச்சலை எவ்வளவு சொன்னாலும் தகும். அதே சமயம், அவர்களுடைய நடை மட்டுமே ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. பொருளாதாரச் சரிவும் 1982 ஃபாக்லாண்ட் போர்த் தோல்வியும் ராணுவத்தை வீழ்த்தின. 1983-ல் மக்களாட்சி திரும்பியபோது, நடந்ததை மூடி மறைக்க விடாமல் செய்ததே அன்னையரின் சாதனை. 1985-ல் ராணுவ ஆட்சித் தலைவர் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்து வந்த சட்டங்களும் பொதுமன்னிப்பும் குற்றவாளிகளைக் காப்பாற்றின. அச்சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. அஸ்தீஸுக்கு 2011-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதற்கிடையே 1986-ல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளைப் பெற்றுக்கொள்ள ஒரு சாரார் இசைந்தார்கள். கொன்றவன் யார் என்று சொல்லாமல் எலும்பை மட்டும் வாங்கினால் வழக்கு முடிந்துபோகும் என்று ஹெபே தெ பொனாஃபினி தலைமையிலான மறுசாரார் மறுத்தார்கள். இரண்டுமே தாயின் நியாயந்தான்.

பிடித்துச் செல்லப்பட்ட பெண்களுக்குச் சிறைகளில் பிறந்து பிறரிடம் கொடுக்கப்பட்ட குழந்தைகளை அவர்களின் பாட்டிகள் தனி அமைப்பாகத் தேடினார்கள். பெற்றோர் இல்லாதபோதும் பாட்டி, தாத்தாவின் ரத்தத்தைக் கொண்டே பேரப்பிள்ளையை உறுதிசெய்யும் முறையை அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் அவர்களுக்காக வகுத்தார். 1987-ல் அதற்கென மரபணு வங்கியும் சட்டப்படி அமைந்தது. இதுவரை 130-க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். தம் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் எழுந்து, தாமாகவே ரத்தம் கொடுக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு.