கணக்கு மாறியதும் காணாமற்போன ஆசிரியர் இடங்கள்

மத்திய சர்க்கார் அலுவலகங்களில் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவு பார்க்கும் நம்மவர்களுக்கு ரோஸ்டர் புதிய சங்கதி அல்ல. எந்த இடம் பொது, எந்த இடம் யாருக்கு என்று வரிசை எண் போட்டு எழுதி வைக்கும் பதிவேடு அது. அந்தப் பதிவேட்டைக் கல்லூரி முழுமைக்கும் ஒன்றாக வைப்பதா, துறைக்கொன்றாக வைப்பதா என்ற கேள்விதான் டில்லிப் பல்கலைக் கழக ஆசிரியர்களைத் தெருவுக்கு இழுத்து வந்தது.

முன்பு கல்லூரி முழுவதுமே ஒரு கணக்கு. 200 இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 30, பழங்குடியினருக்கு 15, பிற்பட்டோருக்கு 54 என்று வந்துவிடும். காசி இந்துப் பல்கலைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், துறைவாரியாகத்தான் கணக்கிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் அலகாபாத் ஹைகோர்ட் கூறியது. 2018 மார்ச் 5-ல் பல்கலைக் கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டது.

சிறிய துறைக்கான வரிசையில் 4-வது இடம் பிற்பட்டோருக்கு, 7-வது தாழ்த்தப்பட்டோருக்கு, பழங்குடியினருக்கு 14-வது. அப்படியானால் மூன்று ஆசிரியர் உள்ள துறையில் ஒதுக்கீடே இல்லை. ஆறு பேர் இருந்தால் பிற்பட்டோருக்கு ஒன்று, அத்தோடு சரி. ஒரு கல்லூரியின் தத்துவப் பிரிவிலோ தமிழ்ப் பிரிவிலோ 14 ஆசிரியர்கள் என்பது நடக்கிற காரியமா? சதவிகிதத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் குறைக்கவில்லை. இடங்கள் மட்டும் மறைந்துவிட்டன!

சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அப்பீலைத் தள்ளியது. பிப்ரவரியில் மறு ஆய்வு மனுவையும் தள்ளியது. மார்ச் 5-ல் பாரத் பந்த் நடந்தது. இரண்டே நாளில் அவசரச் சட்டம் வந்து, ஜூலையில் அது நிரந்தரச் சட்டமாயிற்று. பழைய கணக்கு திரும்பியது.

ஆனால் வேலைக்கு வந்தவர் நிலைத்திருக்க வேண்டுமே. டில்லிக் கல்லூரிகளில் நெடுங்காலமாக ‘அட்ஹாக்’ முறை. நாலு மாதத்திற்கு ஓர் ஆர்டர்; ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஓர் ஆர்டர். இப்படியே பத்து வருஷம் ஓட்டியவர்கள் உண்டு. பெண்களுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்புகூட நெடுநாள் கிடையாது. ரோஸ்டரைத் திருத்தி எழுதும்போதெல்லாம் யார் நாற்காலி போகுமோ என்ற பயம் வேறு. புதுக் காலியிடங்களுக்கு இனி கௌரவ ஆசிரியர்தான் என்று 2019 ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் 4-ல் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்ட பிறகே அமைச்சகம் இறங்கி வந்தது.

நிரந்தர வேலைக்கான பேட்டியிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஒதுக்கீட்டு இடத்திற்கு, ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று குறிப்பு எழுதிவிடலாம். அந்த இடம் அடுத்த விளம்பரம் வரை காலியாகவே கிடக்கும். அத்தனை வருஷம் அதே வகுப்பில் பாடம் நடத்தியபோது இல்லாத தகுதிக் குறைவு, பேட்டியன்று மட்டும் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் இத்தகைய இடங்களைப் பொதுவில் சேர்க்கலாம் என மானியக் குழுவின் வரைவு ஒன்று பேச, எதிர்ப்பு கிளம்பியது. ஒதுக்கீட்டு இடம் எதுவும் அப்படி மாற்றப்படாது என்று 2024 ஜனவரியில் கல்வி அமைச்சகம் விளக்கம் தந்தது.