சளியில கேண்டிடா வந்தா சோறை நிறுத்தணுமா?

இந்த வாரம் ஒரு நேயரோட மெயில். மூணு வாரமா இருமல். சளி கல்ச்சர் ரிப்போர்ட்ல ‘கேண்டிடா’ன்னு வந்திருக்கு. இன்ஸ்டாவுல ரெண்டு ரீல் பாத்துட்டு சர்க்கரை, சோறு, பழம் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. ஆரிகானோ எண்ணெய் காப்ஸ்யூலும் ப்ரோபயாடிக்கும் ஆரம்பிச்சாச்சு. “நுரையீரல்ல இருக்கிற ஈஸ்ட் இதுல போயிடுமா?”ன்னு கேட்டிருக்காங்க.

முதல்ல ரிப்போர்ட்டைப் பார்ப்போம். கேண்டிடா, ஆரோக்கியமான பலரோட வாயிலயே சும்மா குடியிருக்கிற ஈஸ்ட். சளி வாய் வழியாத்தானே டப்பாவுக்கு வருது? வர்ற வழியில அதையும் கூட்டிட்டு வந்துடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவங்க வாயில இது இன்னும் அதிகமா வளரும். (இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பச் சொல்றது இதுக்காகத்தான்.) கேண்டிடா உண்மையிலேயே நுரையீரலைத் தாக்குவது மிக அபூர்வம். சளியில் அது வளர்ந்தால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை என்றுதான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் சொல்கிறது.

அப்போ இருமல் எதனால? அதுதான் எனக்குக் கவலை. நம்ம ஊர்ல ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டிபி டெஸ்ட் எடுத்தே ஆகணும். அரசு மருத்துவமனையில இலவசம். டிபி வந்தா ஏற்கெனவே எடை இறங்கும். அந்த நேரத்துல சோறையும் பழத்தையும் நிறுத்திட்டு மாசக்கணக்குல காத்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? வீட்ல இருக்கிறவங்களுக்கும் ஒட்டும்.

சர்க்கரையை நிறுத்தினா ஈஸ்ட் பட்டினியில செத்துடும்னு சொல்றது புதுசு இல்ல. 1983-ல் வில்லியம் குரூக் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய புத்தகம் இந்த டயட்டைப் பிரபலமாக்கியது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சாப்பிடலைன்னாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிச்சு ரத்தத்துல அளவைக் குறையாம வச்சுக்கும். நுரையீரலுக்குப் போறது அந்த ரத்தம்தான். சர்க்கரை நோய் இருக்கிறவங்க கதை வேற. அவங்களுக்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரை பூஞ்சைத் தொற்றுக்கு வழி விடும். 2021-ல் கருப்புப் பூஞ்சை சமயத்துல பாத்தோமே.

ஆரிகானோ எண்ணெய் ஆய்வகத் தட்டுல கேண்டிடாவைக் கொல்லும், உண்மைதான். முழுங்கினா நுரையீரல் தொற்று குணமாகும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. ப்ரோபயாடிக்ல ஒரு வேடிக்கை: ‘சாக்கரோமைசஸ் பவுலார்டி’ன்னு லேபிள்ல இருந்தா, அதுவே ஒரு ஈஸ்ட்! எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு அது ரத்தத்துல கலந்து தொற்றாகியிருக்கு.

நுரையீரலைத் தாக்கும் ஈஸ்ட் நிஜமாவே ஒண்ணு இருக்கு: கிரிப்டோகாக்கஸ். புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருக்கும். அதுக்கு ஃப்ளூகோனசோல் மாதிரி மருந்து, பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை.

பூஞ்சை மருந்து சாப்பிடும்போதுதான் சாப்பாடு உண்மையிலேயே முக்கியம். இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் போடணும், வெறும் வயித்துல சரியா உறிஞ்சாது. கூடவே கேஸ் மாத்திரை போட்டாலும் வேலை குறையும். வோரிகோனசோல் அப்படியே நேரெதிர், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ. நீங்க எடுக்கிற சப்ளிமென்ட், கேஸ் மாத்திரை எல்லாத்தையும் போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டிடுங்க.