மனித உரிமைப் பணிக்கு விண்ணப்பித்தல்: மார்க்க நோக்கில் சில விளக்கங்கள்

காரைக்கால் பகுதியிலுள்ள விழிதியூரைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர், அண்மையில் அஸ்ர் தொழுகைக்குப் பின் நம்மைக் காண வந்தார். ஆலிம் பட்டம் பெற்றபின் அஞ்சல் வழியில் இதழியல் பயின்றவர். சமயப் பின்புலமுடைய மனித உரிமைத் தொண்டு நிறுவனம் ஒன்று, தகவல் தொடர்பு அலுவலர் பணிக்கு ஆள் கோரியிருந்தது. அதற்கென நம்மிடம் நற்சான்றுக் கடிதம் வேண்டினார். கூடவே இரண்டு ஐயங்களையும் முன்வைத்தார்.

"ஹஜ்ரத், பதவியைக் கேட்டுப் பெறுதல் ஆகாது என்று தாங்கள் பாடம் நடத்தினீர்களே, இது அதில் சேராதா? பிறர் பட்ட துன்பத்தை ஊரறிய எழுதிச் சம்பளம் வாங்குவது தகுமா?"

இவ்வினாக்கள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. நம் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளைஞர் பலருக்கும் எழக்கூடியவை. ஆதலின் அவற்றை ஈண்டு சற்று விரிவாகக் காண்போம்.

கேட்டுப் பெறலாமா?

அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களுடன் வந்த இருவர் அதிகாரப் பொறுப்பு வேண்டியபோது, அதனைக் கேட்பவருக்கும் அதன்மீது பேராசை கொண்டவருக்கும் தருவதில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. மறுபுறம், நாட்டின் களஞ்சியப் பொறுப்பைத் தமக்குத் தருமாறு யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் மன்னரிடம் தாமே கேட்டதை அல்குர்ஆன் (12:55) எடுத்துரைக்கிறது. காப்பாற்றும் நேர்மையும் துறையறிவும் தம்மிடம் உண்டென்பதையே அவர்கள் தகுதியாகச் சொன்னார்கள்.

இவ்விரண்டிற்கும் முரண் இல்லை. ஆதிக்க வேட்கையே விலக்கப்பட்டது. மக்களின் தேவை கருதி, தகுதியுடையவர் தம்மை முன்வைப்பது விலக்கப்படவில்லை என அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். அன்றியும், இப்பணி ஆட்சிப் பொறுப்பன்று; கூலிக்கு உழைக்கும் 'இஜாரா' வகையைச் சார்ந்தது. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்த பெண்மணி வலிமை, நம்பகம் என்னும் இரு பண்புகளைக் குறிப்பிட்டதைத் திருமறை (28:26) கூறுகிறது. எந்த விண்ணப்பமும் மெய்ப்பிக்க வேண்டியவை இவ்விரண்டே.

துன்பத்தைச் சொல்லுதல்

அறியாமைக் காலத்து மக்காவில் யமன் நாட்டு ஜுபைத் குலத்தவர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் பின் வாயில் என்பவரிடம் விற்று, விலை கிடைக்காமல் தவித்தார். உதவி கேட்ட இடங்களில் கைவிரித்தனர். அவர் அபூகுபைஸ் குன்றின்மீது ஏறி, கஅபாவைச் சூழ்ந்திருந்த குறைஷியர் கேட்கத் தம் முறையீட்டைக் கவிதையாக முழங்கினார். அதன் விளைவாக அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் இல்லத்தில் உருவானதே 'ஹில்ஃபுல் ஃபுளூல்' ஒப்பந்தம். அதில் பங்குகொண்ட நபிகளார் (ஸல்), நபித்துவம் பெற்ற பின்னரும் அதனைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். அநீதி பலர் காதில் விழுந்த பின்னரே நீதி கூடியது என்பது இங்கு நோக்கத்தக்கது. தகவல் தொடர்பு அலுவலரின் வேலை, குன்றேற வலுவில்லாதவருக்காகக் குன்றேறுவதே எனலாம்.

தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை வெறுக்கும் இறைவன், அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்களித்துள்ளான் (4:148). புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு இடங்களைத் தொகுத்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், முறையீட்டையே முதலாவதாக வைத்தார்கள். எனினும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. எழுதுபவர் அவரது பிரதிநிதியே. அவரது இசைவின்றிப் பெயரோ படமோ வெளியிடல் அமானிதத்திற்குத் துரோகமாகும். நாட்டுச் சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. செய்தியைத் தீர விசாரிக்குமாறு கூறும் 49:6 வசனமோ இத்துறைக்கு முதற்பாடம்.

யாருக்காக?

குவேக்கர் கிறித்தவர்கள் 1917இல் தொடங்கிய அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு 1947இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. 1980இல் தொடங்கப்பெற்ற ஜெசூட் அகதிகள் சேவை, தமிழகத்திலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகளிடையே பணியாற்றி வந்துள்ளது. தம் சமயத்தவரை மட்டும் நாடுவது இவற்றின் நெறியன்று. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நீதி தவறச் செய்யலாகாது (5:8) என்றும், தமக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் (4:135) என்றும் கற்பிக்கப்பட்ட நாம் இதில் பின்தங்கலாகாது. "உங்கள் ஜமாஅத்தைச் சார்ந்தவரே கூலியை மறுத்திருந்தால் அதையும் எழுதுவீர்களா?" என்று நேர்காணலில் கேட்கப்படலாம். ஆம் என்று சொல்ல முடியாதவர் விண்ணப்பிக்காதிருத்தலே நலம் என்று மாணவரிடம் கூறினோம்.

விண்ணப்பமும் சான்றும்

பின்னர் அவர் எழுதி வந்திருந்த விண்ணப்பத்தை வாங்கிப் படித்தோம். சமுதாயத்திற்குத் தொண்டாற்றும் ஆர்வம் பற்றி ஒரு பக்கம் இருந்தது. செய்த வேலை பற்றி மூன்று வரிகளே இருந்தன. அதனைத் தலைகீழாக மாற்றச் சொன்னோம். பத்திரிகைக் குறிப்பு ஒன்று, அறிக்கைச் சுருக்கம் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று என மாதிரிகளை இணைக்கச் சொன்னோம். மொழிகளின் பட்டியலில் பிரெஞ்சும் இருந்தது. பாரிஸில் வாழும் உறவினரிடம் நலம் விசாரிக்கும் அளவே தெரியும் என்றார். "பிறர் சொல்லைச் சரிபார்க்கும் வேலைக்குச் செல்பவர் தம் சொல்லைச் சரிபார்க்க வேண்டாமா?" என்றோம். அவர் பேனாவை எடுத்து அதனை அடித்துவிட்டார்.

அடுத்து நம் முறை வந்தது. ஒருவரைப் பற்றி நற்சான்று சொன்னவரிடம், 'அவருக்கு அண்டை வீட்டாரா? பொற்காசு, வெள்ளிக்காசில் கொடுக்கல் வாங்கல் செய்தீரா? உடன் பயணித்தீரா?' என உமர் (ரழி) அவர்கள் வினவியதாக வரலாறு உண்டு. ஏழாண்டு அவருக்குப் பாடம் நடத்தியும், அவற்றுள் ஒன்றுக்கும் நம்மால் ஆம் எனக் கூற இயலவில்லை! எனவே 'அனைத்திலும் சிறந்தவர்' என்ற வழக்கமான தொடரை விடுத்து, நாம் கண்டதை மட்டும் எழுதினோம்: அறிவிப்பாளர் தொடரில் ஐயம் எழுந்தால் வெட்கப்படாமல் நிறுத்திக் கேட்பவர், தவறு சுட்டப்பட்டால் உடனே திருத்துபவர். கடிதம் சிறியதாகவே அமைந்தது. அவர் அதைப் படித்து, ஸலாம் கூறி, மன நிறைவுடன் பெற்றுச் சென்றார்.

அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீட்டிற்கும் இறைவனுக்கும் இடையே திரையில்லை என்பது நபிமொழி. மனிதருக்கும் அவருக்கும் இடையேயுள்ள திரைகளை அகற்றும் நாவையும் எழுதுகோலையும் வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.